எரித்த புத்தகங்களை வண்ணாரப்பேட்டை மாடியில் வாசிக்கிறோம்

கத்திரி வெயிலில், பரீட்சை முடிவுக்குப் பிள்ளைகள் காத்திருக்கும் மே மாதத்தில், ஜெர்மனியில் எப்போதோ கொளுத்திய புத்தகங்களுக்காகப் புதுவண்ணாரப்பேட்டையில் யார் கூட்டத்துக்கு வருவார்கள் என்று முதலில் கேட்டவர் எங்கள் படிப்பகத்தின் பொருளாளர்தான். வருகிறார்கள். சில வருடங்களாக மே 10 மாலையில் நடத்திக்கொண்டிருக்கிறோம். திருவொற்றியூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் நண்பர்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று விசாரிப்பதால், கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், நெருப்பு வேண்டாம். பையன்கள் எல்லா வருடமும் கேட்பார்கள். மொட்டை மாடியில் ஒரு இரும்புச் சட்டி வைத்து, பழைய நோட்டுகளைப் போட்டு, கோஷம் போட்டு நடித்துக் காட்டலாமாம். எங்கள் பக்கம் போகிக்கு டயரும் பாயும் எரித்துப் பழகியவர்கள். நெருப்பைப் பார்த்தால் கூட்டம் நெருப்பை மட்டும்தான் பார்க்கும், எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், அத்தோடு சரி. கானா வைக்கலாம் என்று இன்னொரு யோசனை வந்தது. வடசென்னை என்றாலே கானா என்று ஆக்கிவிட்டார்கள், இதற்கும் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

நெருப்புக்குப் பதில் ஒரு இரும்பு ரேக்கைக் காலி செய்து கூட்டத்துக்கு நடுவில் நிறுத்துகிறோம். இது எங்கள் சொந்த யோசனை இல்லை. பெர்லினில் புத்தகங்களை எரித்த அதே சதுக்கத்தில் மிகா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995-ல் ஒரு நினைவிடம் அமைத்தார். தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அலமாரிகள், ஒரு புத்தகம்கூட இல்லாமல். சுமார் 20,000 புத்தகங்கள் கொள்ளும் அளவு. எங்கள் ரேக்கில் முந்நூறு கொள்ளும். காலியாக நிற்பதைப் பார்த்து, "புத்தகத்தையெல்லாம் கரையான் அரிச்சிடுச்சா சார்?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான். அங்கிருந்தே பேச்சைத் தொடங்க வசதியாகப் போயிற்று.

என்ன பேசுவது என்பது அடுத்தது. ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரி 30. எரித்தது மே 10. நடுவில் மூன்று மாதம் சொச்சம். அந்த மூன்று மாதத்தைச் சொல்வதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். போலீஸ்காரர்களும் ராணுவமும் வந்து எரித்தார்கள் என்றுதான் இங்கே பலரும் நினைத்திருக்கிறார்கள். கிளம்பியது ஜெர்மன் மாணவர் சங்கம். ஏப்ரலில் பன்னிரண்டு அம்ச அறிக்கை ஒன்றை அடித்துப் பல்கலைக்கழகச் சுவர்களில் ஒட்டினார்கள். வொல்ஃப்காங் ஹெர்மான் என்ற நூலகர் கறுப்புப் பட்டியல்கள் தயாரித்துக் கொடுத்தார். புத்தகம் அடுக்குகிற கையே பட்டியல் போட்டது என்று சொன்னால் எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், ஏனென்றால் இங்கே அடுக்குகிற வேலை என்னுடையது. அந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் வாடகை நூலகம், புத்தகக் கடை என்று ஏறி இறங்கி வண்டி வண்டியாய் அள்ளினார்கள். பேராசிரியர்கள் பலர் தடுக்கவில்லை. சிலர் மேடையேறிப் பேசவும் செய்தார்கள்.

அப்புறம்தான் தீப்பந்த ஊர்வலம், பேண்டு வாத்தியம், வானொலியில் நேரடி ஒலிபரப்பு, நள்ளிரவில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பேச்சு எல்லாம். ஒரே இரவில் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஊர்களில் எரித்தார்கள். பெர்லினில் மட்டும் 20,000 புத்தகங்களுக்கு மேல். அன்று அங்கே மழை. தீ பிடிக்கவில்லை என்று தீயணைப்புத் துறையினர் பெட்ரோல் ஊற்றி உதவினார்கள். இந்த இடத்தில் கூட்டம் ஒவ்வொரு முறையும் சிரிக்கும், உடனே அடங்கியும் விடும்.

நெருப்பு கடைசி வேலை, பட்டியல்தான் முதல் வேலை. இதைப் பிடித்துக்கொண்டுதான் நிகழ்ச்சியின் வடிவத்தை மாற்றினோம். பெர்லினில் புத்தகத்தை எறிவதற்கு முன் ஒரு மாணவன் குற்றச்சாட்டைப் படிப்பான். வர்க்கப் போராட்டத்துக்கும் பொருள்முதல்வாதத்துக்கும் எதிராக என்று சொல்லி மார்க்ஸையும் காவுட்ஸ்கியையும் போட்டார்கள். போர் வீரர்களுக்குத் துரோகம் செய்தவர் என்று நாவலாசிரியர் ரெமார்க்கைப் போட்டார்கள். மனித இச்சையைப் பெரிதுபடுத்தினார் என்று ஃபிராய்டை. இப்படி ஒன்பது வாசகங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அந்தக் குற்றச்சாட்டை மட்டும் படிப்பார். இன்னொருவர் உடனே எழுந்து அதே எழுத்தாளரின் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தைக் காலி ரேக்கில் வைப்பார். குற்றச்சாட்டைக் கேட்ட காதோடு அந்தப் பக்கத்தையும் கேட்கும்போது சபைக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்தான். சத்தமாகப் படித்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நல்ல வாசிப்புக்காரர்கள்தான் இதில் ஆபத்து. மைக் கிடைத்தால் முன்னுரையிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

தமிழில் எது கிடைக்கும் என்று கேட்பீர்கள். கார்க்கியின் 'தாய்' எந்த வீட்டிலாவது இருக்கும், ரகுநாதன் மொழிபெயர்ப்பு. கார்க்கியும் அந்தப் பட்டியலில் இருந்தவர். கம்யூனிஸ்ட் அறிக்கை சுலபம். 1931-லேயே பெரியார் குடி அரசில் அதைத் தமிழில் வெளியிடத் தொடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். பெர்லினில் எரிப்பதற்கு ஒன்றரை வருடம் முன்பே ஈரோட்டில் அச்சேறிவிட்டது. மற்றவற்றைக் கல்லூரிப் பிள்ளைகள் ஆங்கிலம் வழியாக ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று மொழிபெயர்க்கிறார்கள். ரெமார்க்கின் போர் நாவலிலிருந்து ஒரு பக்கத்தை மொழிபெயர்த்த பெண்ணின் அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். வாசித்து முடித்ததும் அவள் அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சபையைப் பிடித்து உட்கார வைக்கும் கதைகள் சில உண்டு. பார்வையும் செவியும் இல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லரின் நூலும் தீயில் விழுந்தது. அவர் ஜெர்மன் மாணவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முதல் உலகப் போரில் கண்ணிழந்த ஜெர்மன் வீரர்களுக்குத் தன் நூல்களின் ராயல்டியைக் கொடுத்தவர் அவர். அது தெரிந்த பிறகு அந்தக் கடிதம் வேறு மாதிரிக் கேட்கும். ஜெர்மன் எழுத்தாளர் ஆஸ்கர் மரியா கிராஃப் கதை இதற்கு நேர் எதிர். அவர் புத்தகங்களை எரிக்கவில்லை, நாஜிகள் அவற்றைப் படிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. என்னையும் எரியுங்கள் என்று வியன்னாவிலிருந்து பத்திரிகையில் எழுதினார். எரிக் கேஸ்ட்னர் என்ற எழுத்தாளர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று தன் புத்தகங்கள் எரிவதைப் பார்த்தார். ஒரு பெண் அவரை அடையாளம் கண்டு பெயரைச் சொல்லிக் கத்த, அங்கிருந்து நழுவினார். பட்டியலில் அவருடைய சிறுவர் துப்பறியும் கதைக்கு மட்டும் விலக்கு இருந்தது. அவ்வளவு கவனமாக உட்கார்ந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள்!

படங்களில் கவனம் தேவை. 'பெர்லின் புத்தக எரிப்பு' என்று கிடைக்கும் படங்கள் சில மே 6 அன்று எடுத்தவை. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவரின் பாலியல் ஆய்வு நிறுவனத்தை மாணவர்கள் சூறையாடிய நாள் அது. அங்கிருந்த நூலகத்தைத்தான் நான்கு நாள் கழித்துக் கொண்டுவந்து எரித்தார்கள். அவருடைய மார்பளவுச் சிலையையும் ஊர்வலமாக எடுத்து வந்தார்கள். வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் அதைப் பாரிஸில் ஒரு சினிமாக் கொட்டகையில் செய்திப் படமாகப் பார்த்தார். 1931-ல் இந்தியாவுக்கெல்லாம் வந்து போன மனிதர். தன்பால் விருப்பினர், பால் மாறியவர்கள் வாழ்க்கையைப் பற்றி அவர் சேர்த்து வைத்தவை அந்த நெருப்பில் போயின. ஒரு வருடம் இதைச் சொன்னபோது பின் வரிசையில் இருந்த திருநங்கை ஒருவர், "அப்ப எங்களைப் பத்தி நூறு வருசம் முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்களா?" என்று கேட்டார். அடுத்த வருடத்திலிருந்து ஹிர்ஷ்ஃபெல்ட் பகுதியை அவரே பேசுகிறார். என்னைவிட நன்றாகப் பேசுகிறார்.

ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிச் ஹைனேயின் வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: புத்தகங்களை எரிக்கும் இடத்தில் கடைசியில் மனிதர்களையும் எரிப்பார்கள் என்பது. நாஜிகளைப் பற்றி அவர் எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள். ஹைனே இறந்ததே 1856-ல். அது அவருடைய நாடகத்தில் வரும் வரி. ஸ்பெயினின் கிரனாடாவில் குர்ஆனை எரித்ததைக் கேள்விப்பட்டு ஒரு பாத்திரம் பேசுவது. எங்கள் தெருவில் பள்ளிவாசலும் உண்டு, கோயிலும் உண்டு, மாதா கெபியும் உண்டு. இந்த விவரத்தோடு சொன்னால் அந்த வரி இங்கேயே உட்கார்ந்துவிடும்.

இனி பெரியவர்கள். உள்ளூர் நினைவு இல்லாமல் இந்தக் கூட்டம் வெறும் பொது அறிவு வகுப்பாகப் போய்விடும். எங்கள் பக்கத்தில் எமர்ஜென்சி காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1976 ஜனவரி 31-ல் திமுக ஆட்சியைக் கலைத்த இரவோடு மிசா கைதுகள் ஆரம்பித்தன. மேடையில் ஏற்றி மைக்கை நீட்டினால் பெரியவர்கள் தலைவர்கள் பெயரைத்தான் சொல்வார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், மதியத் தூக்கம் கலைந்து டீ குடிக்கிற நேரத்தில். "பயந்தீங்களா?" என்று கேட்டால் "இல்லப்பா" என்று முடிந்துவிடும். "அப்போ வீட்டுல என்னென்ன புத்தகம் இருந்துச்சு?" என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டுத்தான் ஒரு ஆயாவிடம் இந்தக் கதை கிடைத்தது. அவர் கணவர் பி அண்ட் சி மில்லில் வேலை, திமுக தொழிற்சங்கத்தில் இருந்தவர். "இன்னாத்துக்கு நைனா இப்போ அதெல்லாம்?" என்றுதான் ஆரம்பித்தார். தெரிந்த வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனது காதுக்கு வந்ததும் கணவரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, விடியற்காலையில் வெந்நீர் அடுப்பில் புத்தகங்களை எரிக்க உட்கார்ந்திருக்கிறார். முரசொலி இதழ்கள் சீக்கிரம் எரிந்துவிட்டன. பைண்டு செய்த தொகுப்புகள் எரியவில்லை. ஓரம் மட்டும் கருகும், நடுவில் காகிதம் அப்படியே இருக்கும். முதுகைப் பிய்த்து, நாலைந்து தாளாகக் கிழித்துத்தான் போட வேண்டியிருந்தது. பசை எரிகிற நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்க்க, கருவாடு தீய்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறார். "எரிஞ்ச தாள்லகூட எழுத்து தெரியுது நைனா. கறுப்புத் தாள்ல வெள்ளி மாதிரி எழுத்து. படிக்க வருது. அதைத் தொடப்பக் கட்டையால நொறுக்கி, தண்ணிய ஊத்தி சாக்கடைல தள்ளினேன்." கட்டை விரலால் தரையைத் தேய்த்துக் காட்டினார்.

அந்தக் குவியலில் மகளுடைய ரஷ்யக் கதைப் புத்தகமும் போயிற்று. வழவழ தாளில் கரடியும் நரியும் வண்ணப் படமாய், அட்டையில் மாஸ்கோ என்று போட்டிருக்கும். அந்தக் காலத்தில் மலிவு விலையில் கிடைத்தவை. மாஸ்கோ என்ற பெயரைப் பார்த்து ஆயா பயந்துவிட்டார். எமர்ஜென்சியில் மாஸ்கோ இந்திரா காந்திக்கு நண்பன். அந்தக் கரடிக் கதையால் ஒரு ஆபத்தும் வந்திருக்காது. பெர்லின் மாணவர்களிடம் அச்சடித்த பட்டியல் இருந்தது, கேஸ்ட்னரின் சிறுவர் கதைக்கு அதில் விலக்கும் இருந்தது. ஆயாவிடம் யாரும் எந்தப் பட்டியலும் கொடுக்கவில்லை. பயம் தானாகவே ஒன்றைப் போட்டது, அரசாங்கம் போடுவதைவிட நீளமாக. ஐம்பது வயது தாண்டிவிட்ட அந்த மகள் இப்போதும் அம்மாவைக் குத்திக் காட்டுவார், "என் கரடியக் கொளுத்தின இல்ல" என்று.

இது இங்கே மட்டும் நடந்ததில்லை. சிலியில் 1973 செப்டம்பரில் ராணுவத் தளபதி பினோசெ ஆட்சியைப் பிடித்ததும் சான்டியாகோவின் சான் போர்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து புத்தகங்களை வாரி வாசலில் எரித்தார்கள். அதைப் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் புத்தகங்களைத் தாங்களே அழித்தார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின்போது குழி தோண்டிப் புதைத்தவர்களும் உண்டு. அங்கே 1980-ல் ஒரு பதிப்பகத்தின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களைப் புவனோஸ் அய்ரெஸை ஒட்டிய சரண்டி என்ற இடத்தில் எரித்தார்கள். புத்தகங்களைத் திருடி விற்கவில்லை, எரித்துவிட்டோம் என்று நிரூபிப்பதற்காகப் புகைப்படக்காரரை வரவழைத்துப் படம் எடுத்தார்கள். இதைச் சொன்னபோது, "பில்லு பாஸ் ஆவணும்ல" என்றார் மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்.

கேள்வி நேரத்துக்குத் தயாராகப் போங்கள். வடசென்னையில் நடத்தினால் ஒரு கேள்வி கட்டாயம் வரும், வரவும் வேண்டும். "அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தாரே, அப்போ அதுவும் இதுவும் ஒன்றா?" 1927 டிசம்பர் 25, மகாராஷ்டிராவின் மகாத் ஊரில் நடந்தது அது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணத் தோழர். நான் பதிலாக மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எரித்தவர் கையில் அரசாங்கம் இருந்ததா? மறுநாள் அந்தப் புத்தகம் கடையில் கிடைத்ததா? எழுதியவருக்கும் படித்தவருக்கும் என்ன ஆயிற்று? மகாதில் எரித்தவர்கள் பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்கவே போராடிக்கொண்டிருந்தவர்கள். நூல் இன்றைக்கும் கிடைக்கிறது. ஜெர்மனியில் நூலகங்களைக் காலி செய்தார்கள், அதே வருடம் ஆகஸ்டில் ஹைன்ரிச் மன், டுகோல்ஸ்கி போன்ற எழுத்தாளர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். பத்திரிகையாளர் ஒசியெட்ஸ்கியை வதை முகாமில் அடைத்தார்கள், அவர் 1938-ல் செத்தே போனார்.

இந்தப் பதிலில் எல்லோரும் சமாதானம் ஆவதில்லை. எங்கள் படிப்பகத்திலேயே மூத்தவர் ஒருவர், யார் எரித்தாலும் எரிப்பது எரிப்பதுதான் என்பார். இன்னொருவர் 1943-ஐ இழுப்பார். கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் பாரிமுனைப் பக்கம் சட்டக் கல்லூரியில் மேடையேறி வாதாடினார்களே, எரிப்பதற்கு முன் எதிராளியை மேடைக்குக் கூப்பிட்ட ஊர் இது என்பார். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் நாவலைக் கொளுத்தியதை எந்தக் கணக்கில் வைப்பது என்று ஒரு மாணவர் கேட்டார். கொளுத்தியவர்கள் அரசாங்கம் இல்லை, புத்தகத்துக்குத் தடையும் இல்லை. ஆனால் எழுதியவர் இனி எழுத மாட்டேன் என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தார். என் மூன்று கேள்விகளில் மூன்றாவது அங்கே வேறு பதில் சொல்கிறது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்பு முடித்தது. இந்த வாதத்தை முடித்துவைக்க முயலாதீர்கள். கூட்டம் முடிந்து கீழே டீக்கடையிலும் அது ஓடட்டும்.

யாழ்ப்பாணத்தையும் விட முடியாது. 1981 மே 31 இரவு எரிந்த நூலகம், சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும். தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தேர்தல் நடத்துகிற நாட்டில், காவலர்கள் உள்ளே இறங்கிச் செய்தது அது. மே 10 கூட்டத்தில் இதைச் சுருக்கமாகத் தொட்டால் வந்தவர்களுக்கு மனம் ஆறாது, விரிவாகப் பேசினால் பெர்லின் காணாமல் போகும். அதனால் மாதக் கடைசியில் தனியாக ஒரு மாலை ஒதுக்கிவிட்டோம். இரண்டுக்கும் ஒரே ரேக்தான்.

சில்லறை விஷயங்கள். மாலை ஆறரைக்கு முன் மாடியில் உட்கார முடியாது, தகரக் கூரை என்றால் ஏழு. நோட்டீஸில் 'புத்தக எரிப்பு நாள்' என்று பெரிய எழுத்தில் போடாதீர்கள். எங்கள் பகுதியில் அதைப் பார்த்து ஒரு காவலர் பைக்கை நிறுத்தி, எத்தனை மணிக்கு எரிக்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார். வெளியே ஒலிபெருக்கி கட்டினால் அனுமதி வேண்டும், அறைக்குள் நல்ல குரல் போதும். பழைய பதிப்புகளுக்குச் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் கடைகளில் சொல்லி வைத்தால் எடுத்துக் கொடுப்பார்கள். 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் எரிந்த பிறகு அங்கே வந்தவர்கள். புத்தகம் எரிவது என்றால் என்ன என்று அவர்களிடம் நாம் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுக்கிறோம். இன்று இரவு கதவைத் தட்டுவார்கள் என்றால் வீட்டில் எதை முதலில் அழிப்பீர்கள், எழுதுங்கள் என்று. பெரியவர்கள் புத்தகப் பெயர் எழுதுகிறார்கள். "எங்க வீட்ல புத்தகமே கிடையாதுண்ணா, போனைத்தான் அழிக்கணும், அதுலயும் ஒரு குரூப்பு" என்றான் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவன். எழுதிய சீட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். நாங்கள் வாங்கி வைப்பதில்லை. இன்னார் வீட்டில் இன்ன புத்தகம் என்று எங்கள் மேசை டிராயரில் ஒரு கட்டு சேர்ந்தால் அது என்னவாகும் என்பதைத்தானே அதுவரை பேசியிருக்கிறோம். வருகைப் பதிவேடும் இதே காரணத்தால் கிடையாது. நன்கொடை கொடுத்த ஒருவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று கையெழுத்தோடு கணக்குக் கேட்டார். டீக்கடை பில்லைக் காட்டினோம்.